என் குதிகால் குணமான கதை

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க வேலை கழுத்தை நெரிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் குதிகால் வலி வந்து தொலைத்தது.

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போகும். நாலு எட்டு நடந்தால் தணியும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே பாடு. செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலை போட்டு மிதித்துப் பார்த்தேன். சூடு ஆறுகிற வரைக்கும்தான் சுகம்.

விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். குதிகாலோடு சேர்கிற உள்ளங்கால் தசைநார் புண்பட்டிருக்கிறது, அதற்கு ஓய்வுதான் முதல் மருந்து என்றார். சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மெத்தென்ற செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் கம்பெனியில் செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். தரையில் உரசிப் பொறி கிளம்பிவிடும் என்று எல்லாருமே வெறுங்கால்தான். சீசனில் ஓய்வு கேட்டால் அடுத்த நாள் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு எதிரே உட்கார்ந்து பின்னுவது ஆமத்தூர் அக்கா ஒருவர். நான் எழும்போதெல்லாம் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். மகாராணிக்குப் பல்லக்கு சொல்லவா என்று கேலி வேறு.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்து ரூம் வெடித்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நானும் எழுந்தேன். குதிகாலை ஊன்ற முடியவில்லை, அப்படியே மடங்கி விழுந்தேன். வாசலைத் தாண்டிவிட்ட அக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"எந்திரி. எம்மேல சாஞ்சுக்கிட்டே வா."

என்னை முன்னால் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். வாசலைக் கடக்கும்போது எங்கள் ரூமும் பற்றிக்கொண்டது. எனக்குத் தலைமுடி மட்டும் கருகியது. அவருக்கு முதுகு முழுக்க வெந்துவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலருகே போய் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்த? காலு தேவலையா?"

அழுதேனே தவிர, பதில் சொல்லவில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலையும் அமையவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். மெத்தென்ற செருப்பு வாங்கிப் போட்டேன், சுவரைப் பிடித்துப் பயிற்சியும் செய்தேன். டாக்டரம்மா சொன்ன ஓய்வு அப்படித்தான் கிடைத்தது. பொங்கலுக்குள் வலி அடியோடு விட்டது.

பார்க்கிறவர்கள் எல்லாம் நல்லதாப் போச்சு என்றார்கள். ஆனால் தேவலைக்கா என்று நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் இல்லாததால், என் கால் குணமானதை இன்றுவரை ஒரு நல்ல சேதியாக என்னால் நினைக்கவே முடிந்ததில்லை.