நாலு கிழமையும் நல்லூர்த் திருவிழாவும்

இண்டைக்கு ஸ்டுட்கார்ட் தமிழ்க்கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனன். தலையிடிதான் மிச்சம்.

அங்க நிண்ட அண்ணை ஒருத்தர், அறுபத்தெட்டு வயசு, பிளேன் ரிக்கெற்றைக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் திருவிழாவுக்குப் போறாராம். ஏழு கிழமை!

"அண்ணை, உங்களுக்குப் பென்சன் மட்டுமோ? இல்லாட்டி அது காணாதெண்டு அரசாங்கத்தின்ர சோசல் உதவிக்காசும் தருகினமோ?"

"ரெண்டும்தான் பிள்ளை."

"அப்ப நாலு கிழமைக்கு மேல, இருபத்தெட்டு நாளுக்கு மேல, வெளிநாட்டில நிக்க ஏலாது. பென்சன் வரும். சோசல் காசை நீங்கள் திரும்பி வருமட்டும் நிப்பாட்டிப் போடுவினம்."

கடைக்காரர் உடன இடையில விழுந்தார். "சும்மா வெருட்டாதேங்கோ தங்கச்சி. என்ர மச்சானும் பென்சன்காரன்தான். நாலு மாசம் நிண்டிட்டு வந்தவர், ஒண்டும் நடக்கேல்ல."

"மச்சான் எங்க இருக்கிறார்?"

"லண்டனில."

ஐயோ! எங்கட சனத்துக்கு ஜெர்மன் சட்டம் சொல்லிக் குடுக்கிறது எப்பவும் லண்டன் மச்சான்மார்தான்.

"திருவிழா இருபத்தைஞ்சு நாள்தானே அண்ணை, ரிக்கெற்றை மாத்துங்கோ" எண்டு கொஞ்சம் கோவமாத்தான் சொன்னன்.

அண்ணை ரிக்கெற்றை மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சார்.

"அகதியா வந்த புதுசில பக்கத்து ஊருக்குப் போகவும் அரசாங்கக் கந்தோரில கடிதம் வாங்க வேணும். இப்ப ஜெர்மன் பாஸ்போட் வைச்சிருக்கிறன். இப்பவும் எத்தினை நாள் வெளிய நிக்கலாமெண்டு கேட்டுக்கொண்டுதான் போகவேணும், என்ன?"

முருங்கைக்காயையும் விட்டிட்டு வந்திட்டன்.

அண்ணைக்குச் சொல்ல ஒரு பதில் தெரிஞ்ச ஆக்கள் கீழ எழுதுங்கோ. லண்டன் மச்சான்மார் மட்டும் தயவுசெய்து பேசாமல் இருங்கோ.