உறை பிரிக்காத பெட்டி

பிளாஸ்டிக் உறை போட்டபடியே நின்ற அந்தக் கன்ட்ரோல் பெட்டியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண்பதுகளில் திண்டுக்கல்லில் நான் படித்த தொழிற்பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக வந்தது அது. மில் இயந்திரங்களைத் தானாக ஓட்டி நிறுத்தும் ரிலேக்களும் பொத்தான்களும் உள்ளே இருந்தன. பழுது பார்க்கப் பழகட்டும் என்று எங்களுக்காகத்தான் வாங்கினார்கள். எங்கள் எலெக்ட்ரிகல் சாரோ உறையைக்கூடக் கழற்ற விடவில்லை. ஆயுத பூஜையன்று உறைக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்; நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பாடமெல்லாம் கரும்பலகையில். கிணற்றில் இறங்காமல் நீச்சல் படித்த கூட்டம் நாங்கள். சார் கெட்டவரில்லை, பயந்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். பயந்தவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்தது யார்?

என் பக்கத்தில் உட்கார்ந்த அகரம் ஊர்க்காரன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டான்.

“ஒரு தடவ தொறந்து பாப்பமே சார்.”

“ஏலே, கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? உங்கப்பனா?”

அவனுக்கு அப்பா இல்லை என்பது சாருக்குத் தெரியும்.

“கெட்டதச் சரிபண்ணத்தான சார் வந்திருக்கோம்?” என்றான் அவன்.

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்கு மட்டும் தனிச் சட்டம். எதை எடுப்பதானாலும் “தொடலாமா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்குரூடிரைவருக்கும் கேட்டான். படிப்பு முடிகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு கொடைரோடு பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவன் அம்மாவும் தங்கையும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். அதே மாதிரிப் பெட்டி ஒன்றில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்து, கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மாமாவின் மோட்டார் கடையில் கை பழகியிருந்ததால் நான் தப்பித்தேன். படித்த படிப்பால் அல்ல. அவன் முறை வந்தது. நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் நின்ற மில் என்ஜினியரைத் திரும்பிப் பார்த்தான்.

“தொடலாமா சார்?”

“தொடாம எப்பிடிப்பா ரிப்பேர் பாப்ப?” என்று என்ஜினியர் சிரித்துவிட்டார். அதற்குமேல் அவன் கை எழவே இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பல வருடம் கழித்து, சார் ஓய்வுபெற்ற விழாவுக்கு இருவரும் போனோம். பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலையை முடித்துவிட்டு அவன் நேராக வந்திருந்தான். சார் மைக்கைப் பிடித்தார்.

“என் காலத்துல அந்தப் பெட்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. அம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினேன்.

“விடு அப்பு, வயசான மனுசன்,” என்றான்.

நான் விடவில்லை.