மிதியடியில் மஞ்சள் தண்ணீர்

தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் தேயிலை லாரிகளோடு மல்லுக்கட்டியே சிரிலுக்குத் தலை நரைத்துவிட்டது. நல்ல வேலைக்காரன், வாய்தான் மோசம். கெட்டுப்போன வண்டியைத் திட்டாமல் அவனுக்கு ஸ்பேனர் பிடிக்க வராது. அன்று மட்டும் ஒரு வசவும் வரவில்லை.

அவன் மனைவி லூர்தம்மாளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ரத்தம் சுத்திகரிக்கத் மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். போன முறை வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டுவதற்குள் கார் கொதித்து நின்று, சிகிச்சை தவறிப்போனது. இப்போது முகம் வீங்கி மூச்சு வாங்குகிறாள். இன்றும் தவறினால் தாங்கமாட்டாள். பள்ளி விடுமுறை என்பதால் டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. மலைப்பாதை நெரிசலில் ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று ஆஸ்பத்திரிக்காரர்களாலேயே சொல்ல முடியவில்லை.

கார் தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. குளிர்நாட்டு வண்டி, என்ஜினின் சுடுதண்ணீரில் ஓடும் ஹீட்டர் உள்ளே உண்டு. லூர்தம்மாள் புறப்பட்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சிரில் ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்பை மாட்டி அழுத்தினான். பம்பின் அளவு முள் ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது. எங்கேயோ ஒழுகுகிறது. அடியில் படுத்துப் பார்த்தான், ஒரு சொட்டும் இல்லை. ஒவ்வொரு ரப்பர் ஹோஸாகத் தடவினான், எல்லாம் காய்ந்திருந்தன. மறுபடி அழுத்தினான். மறுபடியும் முள் இறங்கியது. வெளியே ஒழுகவில்லை என்றால் என்ஜினுக்குள் ஒழுகுகிறது. என்ஜினைப் பிரிக்க வேண்டும், அது இன்றைக்கு முடிகிற காரியமில்லை. மாதாவே, வெளியே ஒழுகட்டும் என்று வேண்டிக்கொண்டான். ஒழுகச் சொல்லி வேண்டிய மெக்கானிக் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"விடுங்கலா," என்றாள் லூர்தம்மாள். "ஆஸ்பத்திரி வேணாம். எனக்குச் சரியாயிட்டு வருது."

"என்னடி ஒளர்ற?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூத்திரம் வருதுங்க. காருல போறப்பல்லாம் காலடி நனைஞ்சிருது. வெக்கப்பட்டு நானே தொடச்சிட்டேன். இனிமே ஒரு சொட்டுகூட வராதுன்னாரு டாக்டரு. மாதா கண்ணத் தொறந்துட்டா."

சர்க்கரை வியாதியில் அவள் கால்கள் மரத்துப்போய் வெகுநாளாயிற்று. பாவாடை ஓரம் ஈரமாக இருந்ததைப் பார்த்தவள், சீட் காய்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. அந்த ஆசையில் யார்தான் பார்ப்பார்கள்?

சிரில் கதவைத் திறந்து குனிந்தான். அவள் காலடியில் விரித்திருந்த மிதியடியில் மஞ்சள் தண்ணீர். மேலே ஹீட்டரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றியதில் உள்ளே துருப்பிடித்திருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தபோதெல்லாம் மலைப்பனி என்று துடைத்துவிட்டுப் போனவன் அவன்தான்.

என்ஜின் தப்பித்தது! ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஹீட்டரை விலக்கிவிட்டு, ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டு முடுக்கினான். பம்பை அழுத்தினான். முள் நின்ற இடத்திலேயே நின்றது. சந்தோஷம் தாங்காமல் சிரித்துவிட்டான்.

தனக்காகத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து லூர்தம்மாளும் சிரித்தாள். வீட்டுக்குப் போக ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

"ஏறு, லூர்து. போவணும்," என்றான். "அது காருத் தண்ணி."

அவள் மிதியடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொட்டாவது என்னோடதா இருக்காதாங்க?"

இருக்கும் என்று சொன்னால் அவள் காரைவிட்டு இறங்கிவிடுவாள்.

"இல்ல," என்றான் சிரில்.