திருப்பிப் போட்ட கையுறை

கையுறைக் கம்பெனியில் அம்மாவுக்குக் கழுகு என்று பெயர். தைத்து வரும் கையுறைகளைத் திருப்பிப் பார்த்துத் தேர்வு செய்வது அவள் வேலை. ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தாலும் ரிஜெக்ட் கூடையில் போட்டுவிடுவாள்.

"கழுகக்கா, எங்க அண்ணனை மட்டும் எப்படி ரிஜெக்ட் பண்ணாம விட்டீங்க?" என்பார்கள் தையல் மெஷின் பெண்கள், அப்பாவைச் சொல்லி.

"செக்கிங் முடியறதுக்குள்ள பேக் பண்ணி அனுப்பிட்டாங்கடி."

எனக்கு இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் பிறவியிலேயே ஒட்டியிருந்தன. நாலு வயதில் பிரித்தார்கள். பிரித்த இடத்தை மூடத் தோல் போதவில்லை. இடுப்பிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டது. புண் ஆறியதும், தழும்பு தடிக்காமல் இருக்க ஓர் இறுக்கமான கையுறை கொடுத்தார்கள். குழந்தை அழும், அழுதாலும் கழற்றி வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா அதை வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையல் முழுவதும் வெளிப்பக்கம் இருந்தது.

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இதைத் திருப்பக்கூட ஆளில்ல பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். விரல் விரலாகத் திருப்பி, நீவி, எனக்கு மாட்டிவிட்டாள்.

அழுதேன். அழும் என்றுதான் சொன்னார்களே என்று விட்டுவிட்டாள். குளிப்பாட்டும்போது விரலிடுக்கு சிவந்திருந்தது. இறுக்கத்தால் என்று நினைத்தாள். நாற்றம் அடித்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"யாரும்மா இதைத் திருப்பினது?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார். தையல் வெளிய தெரிஞ்சா எங்க கம்பெனில எடுக்கமாட்டாங்க."

"புதுத்தோல்ல உரசக்கூடாதுன்னுதாம்மா தையலை வெளிய வெச்சிருக்கோம்."

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒட்டிய தோல் போய்விட்டிருந்தது.

"என் தோலை எடுங்க சார். எங்கிருந்து வேணாலும் எடுங்க. புள்ளைய இன்னொரு தடவை அறுக்காதீங்க."

"இன்னொருத்தர் தோல் அவ உடம்புல நிக்காதும்மா. பெத்தவளோடதா இருந்தாலும்."

என் இடுப்பிலிருந்தே மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஒட்டிக்கொண்டது, ஆனால் சுருங்கியது. சுண்டுவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கியது. எலும்பு வளர வளர, கூடவே வளராத தழும்பு அதை இழுத்தது. திரும்பப் போனோம். விரலை நிமிர்த்திக் கம்பி வைத்தார்கள். கம்பி வைத்த இடம் சீழ் பிடித்தது. திரும்பப் போனோம். மூட்டு இறுகிவிட்டது, இனிமேல் தொட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அந்த வாசலை விட்டோம்.

நான் எஞ்சினியர் ஆனேன். உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. என் கையைப் பற்றியும் படித்தேன். படித்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"ஒட்டுத்தோல் குழந்தையோட சேர்ந்து வளராதும்மா. நீ திருப்பாம இருந்திருந்தாலும் நாம திரும்பத் திரும்பப் போயிருப்போம்."

"போயிருப்போம்டி. ஆனா விரல் நிமிர்ந்திருக்கும்."

நிமிர்ந்திருக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, நிமிர்ந்திருக்காது என்பதற்கும் இல்லை. இரண்டாவதை உறுதியாகச் சொல்லிப் பார்த்தேன். அது அவள் பார்வைக்கு முன் நிற்கவில்லை.

போன மாதம் நுரையீரல் கெட்டு அவளே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சலைன் மாற்ற வந்த நர்ஸ் என் கையைக் கவனித்தாள்.

"பிறந்ததுலேர்ந்தே இப்படியாக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள். "இல்லம்மா. நான் பண்ணது."

மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டு, அவள் காதருகே குனிந்து, "நீ இல்லம்மா" என்றேன். மறுபடி சொன்னேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, என் மடங்கிய விரலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள்.