மனு பார்க்கப் போகிறவர்களுக்கு

இதுவரை இந்தப் பயணப் பக்கத்தில் கோயில், அருவி, கடற்கரை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை சிறைக்குப் போய்வந்த கதை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் தங்கை ஷகிலாவும் அவள் கணவர் ரஃபீக்கைப் பார்க்கப் போனோம். மனு எழுதிக்கொடுத்துக் கைதியைப் பார்ப்பதற்கு 'மனு பார்ப்பது' என்று பேர். அடிதடி வழக்கில் ரிமாண்டில் இருக்கிறார். சுருட்டை என்று ஒரு கைதி உள்ளே அவரைப் போட்டு அடிக்கிறான் என்று ஜாமீனில் வந்த ஒருவர் சொல்லியிருந்தார். ரஃபீக் இன்னும் வெளியே வராததால் சிறையின் பெயரை எழுதவில்லை.

ஷகிலா மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற வேலை. லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற முதலாளி. காலை ஆறரை பஸ், இரண்டு மணி நேரம், ஆளுக்கு அறுபது ரூபாய். அங்கிருந்து சிறை வாசலுக்கு ஆட்டோ நூறு.

"மனுவுக்கா? ஆதார் ஜெராக்ஸ் எடுத்தாந்தீங்களா?" என்றார் ஆட்டோக்காரர். எடுக்கவில்லை. கடை தேடி அலைந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று.

பார்வையாளர் கூடத்தில் கம்பி வலைக்கு அந்தப்புறம் கைதிகள், இந்தப்புறம் நாம். பேசுவதற்கு போன் வைத்திருக்கிறார்கள். பாதி வேலை செய்யவில்லை. எனவே ஒரே சந்தை இரைச்சல். ரஃபீக்கின் இடது கண் வீங்கிக் கிடந்தது.

"என்னங்க ஆச்சு கண்ணுல?"

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு. வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"பொய் சொல்லாதீங்க. அந்தச் சுருட்டைதான அடிச்சான்? எங்களுக்கு எல்லாம் தெரியும்!"

கத்தித்தான் கேட்டாள். அங்கே கத்தாவிட்டால் எதுவும் கேட்காது. வலைக்கு அந்தப்புறம் நாலு ஆள் தள்ளி நின்று தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த ஒருவன் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டார். "போயிட்டு வாங்க," என்றார். எங்களுக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.

வெளியே வரும்போதுதான் நல அலுவலரின் அறையைப் பார்த்தோம். உள்ளே நடக்கும் அடிதடியைத் தடுக்கப் புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். நல்ல ஏற்பாடுதான். வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அந்த அலுவலர் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்லயே எங்கிட்ட வந்திருந்தா, யாருக்கும் தெரியாம வேற ப்ளாக்குக்கு மாத்தியிருப்பேங்க. இப்ப கூடத்துல எல்லாருக்கும் கேட்டுடுச்சு. இனிமே மாத்துனா, காட்டிக்குடுத்துட்டு வந்தவன்னு அங்கேயும் அடிப்பாங்க."

இருந்தாலும் அன்றைக்கே மாற்றுவதாகச் சொன்னார். வேறு வழியில்லை.

போகிறவர்கள் கவனிக்க: ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். முதலில் நல அலுவலரின் அறை, பிறகுதான் கூடம். உள்ளே கண் வீங்கியிருந்தாலும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசுங்கள். யார் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு ஆறவில்லை. கட்டிய மனைவி கேட்கக் கூடாத கேள்வியா அது?

அடுத்த செவ்வாய் மறுபடியும் மனு போட்டோம். ரஃபீக் வரவில்லை.

"யாரையும் பாக்க மாட்டேன்னுட்டாரும்மா," என்றார் காவலர்.

"எழுந்து நடக்குறாரா சார்?" என்று கேட்டாள் ஷகிலா.

"நடக்குறாரு, நடக்குறாரு."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பஸ் விருத்தாசலம் வந்து சேரும்வரை, "நடக்குறாராம்ண்ணே" என்று அதையே என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.