கைதட்டச் சொன்ன ஒப்பாரி

சிராங்கூன் சாலை மேடையில் ஒரே நிற ஜிப்பா போட்ட ஐந்து பேர், பழைய தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை வாயாலேயே வாசித்து முடித்தார்கள். அடுத்தது நாட்டுப்புறப் பாட்டாம்: ஒப்பாரி. விம்மி நிற்க வேண்டிய இடத்தில் 'டும் டக்கா' போட்டு இளித்தார்கள். பக்கத்தில் சித்தப்பா சொக்கிப்போய்த் தாளம் தட்டினார்.

தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது அம்மா பாடிய ஒப்பாரி அது. எனக்கு ஒன்பது வயது. ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. இதே சித்தப்பா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணி, இது ஃப்ளாட். பக்கத்து வீட்டுல கம்ப்ளெயின் பண்ணுவாங்க."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். பிறகு அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் கைதட்டுங்க லா," என்றான் மேடையில் ஒருவன்.

"என்னம்மா, புடிக்கலயா?" என்றார் சித்தப்பா. அவருக்கு எதுவும் நினைவில்லை.

எழுந்து நடந்தேன்.