நனையாத அரிசி

எங்கள் பெரியப்பாவுக்கு எதற்கும் ருசு வேண்டும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. தானே எண்ணாமல் எதையும் நம்ப மாட்டார். அதனால் பெரியம்மாவின் சிவப்புக்கல் மூக்குத்தி காணாமல் போனபோது அவர் வாய்க்கு வந்தபடி யாரையும் சந்தேகப்படவில்லை. கல்மண்டபம் பக்கம் இருந்த மந்திரக்காரரிடம் போய் ஓதிய பச்சரிசி வாங்கிவந்தார்.

வீட்டில் இருந்தவர்களைக் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார். மென்று வாழையிலையில் துப்ப வேண்டும்.

"திருட்னவனுக்கு பயம் கீது. பயந்தா வாய் காஞ்சிப்பூடும். அப்போ எவன் அரிசி நனையலியோ அவன்தான் திருடன். இன்னா, நான் சொல்றது கரீக்டா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவு தெளிவாகச் சொன்னால் யார்தான் ஆட்ட மாட்டார்கள்? மழை பெய்தால் தெரு நனையும், ஆனால் தெரு நனைந்திருப்பதை வைத்து மழை பெய்ததாகச் சொல்லிவிட முடியாது என்று பல வருஷம் கழித்துக் கல்லூரியில் தர்க்கப் பாடம் எடுத்தவர் சொன்னார். மீன்கூடைகள் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டு போகும் ராயபுரத்துத் தெருவில் வளர்ந்தவள் நான், இதைத் தெரிந்துகொள்ளக் கல்லூரி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. பெரியப்பா செருமினாலே நடுங்குவேன். போதாக்குறைக்கு, திருடிவிட்டு இந்த அரிசியை மென்றால் நாக்கு அழுகிவிடும் என்று மந்திரக்காரர் சொல்லியனுப்பியிருந்தாராம். அம்மா துப்பினாள், கூழாக வந்தது. அண்ணன் துப்பியதும் கூழ்தான். என் முறை வருவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். மாவு தொண்டையை அடைத்ததே தவிர எச்சில் ஊறவில்லை. இலையில் விழுந்தது வெள்ளைவெளேரென்று காய்ந்த நொய்.

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க வெச்சே, சொல்டு கண்ணு. நான் அட்க்க மாட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை. அம்மாவே இப்படிக் கேட்கிறாள் என்றால் நான் எடுத்துத்தான் இருக்க வேண்டும். தூக்கத்தில் எடுத்திருப்பேனோ? என் பாவாடை முடிச்சு, பொம்மைப் பெட்டி, அடுப்புக்குப் பின்னால் என்று நானே தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "நான்தாம்மா எட்த்தேன், எங்க வெச்சேன்னு தெரியல" என்று அழுதேன். அதற்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போலீஸ்காரர்தான் என்று பின்கட்டுக்கு ஓடி ஒளிந்துகொள்வேன். சாப்பிடும்போது நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் பெரியம்மா தலையணை உறையைத் துவைக்க எடுத்து உதறினாள். மூக்குத்தி தரையில் விழுந்து உருண்டது. இப்போதாவது பெரியப்பா அந்த அரிசியைச் சந்தேகப்பட்டிருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

"பாத்தியா, அரிசிக்குப் பயந்துகினு திரும்பக் கொண்ணாந்து வெச்சிட்டா! மந்திரம்னா சும்மாவா?"

மறுபடியும் எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரும் என்னை அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். எங்கே வைத்தேன் என்பது ஒருவழியாக எனக்குத் தெரிந்துவிட்டதே.